இஜ்ஜாவின் இரண்டு வரி

இஜ்ஜாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். தங்கமானவள், அமைதியானவள், அவள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அதனால்தான் அவள் கதையை நான் சொல்ல வந்திருக்கிறேன். நல்லதும் சொல்வேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன். எனக்கு அவள்மேல் பொறாமை. இதை ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை. ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் ஹத்தா. இந்தப் பள்ளத்தாக்கில் தம்லால்த் என்கிற ஊரில் பிறந்தவள். கீழ்த்தெருவில் கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் திரும்பி வந்து, அண்ணன் மோஹாவின் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். ரோஜா பறிப்பது பெண்கள், விற்றுக் காசு வாங்குவது ஆண்கள் என்றிருந்த ஊரில், நாங்களே பன்னீர் காய்ச்சி விற்கலாம் என்று கத்திக் கத்திக் கூட்டுறவை உண்டாக்கியது நான். அந்தத் தொண்டைதான் என் சொத்து. கல்யாணத்தில் பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, தப்பட்டை அடித்து, வரி கட்டிப் பாடுவோம். அந்த நேரத்திலேயே மனதில் தோன்றுவதைப் பாட வேண்டும். கிண்டல் செய்தால் கிண்டல் வாங்கியவள் பதில் பாட வேண்டும். எனக்கு எதிர்வரிசையில் நிற்பதற்கு ஆள் கிடைக்காமல் கல்யாண வீட்டார் கெஞ்சிக்கொண்டு அலைந்த காலம் உண்டு.

இஜ்ஜாவுக்கோ தொண்டையே கிடையாது. சின்ன வயதில் வந்த கக்குவான் இருமல் அவள் குரலைக் கொண்டுபோய்விட்டது. வாயைத் திறந்தால் துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல ஒரு சத்தம் வரும். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இருமுவாள். இப்படிப்பட்டவள் பேசினால் மேலூரிலிருந்து கீழூர்வரை கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கிறார்கள். என்ன நியாயம் இது?

அவள் எங்கள் ஊர்க்காரியும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டு ஆடு மேய்க்கும் கூட்டத்தில் பிறந்தவள். எங்களைப் போலவே மலைச்சனம்தான், எங்கள் பாஷைதான் பேசுவாள், ஆனால் வேறு வம்சம். எங்கள் ஊரில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் எங்களுக்குள்ளேதான். வேன் ஓட்டுகிற பாஸு ஒருவன்தான் போன இடத்தில் இவளைப் பார்த்து, பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

அவளுடைய ஆட்களுக்கு, குளிர்காலத்தில் இறங்கி வந்து தங்கப் பொது நிலம் ஒன்று இருந்ததாம். அதைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று சந்தையில் கூவிச் சொல்லியிருக்கிறார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் ஆண்கள்தானே. அவளுடைய அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அம்மாவின் கூடாரத்துக்குச் சேதி வந்து சேர்ந்தபோது நிலத்தைப் பிரித்து எல்லைக்கல்லும் நட்டுவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் அடிக்கவில்லை, சேதி வரவில்லை, அவ்வளவுதான். இதை இஜ்ஜா சொல்லி நான் கேட்டதில்லை. பாஸு ஒருநாள் வேனில் போகும்போது சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம். அதைக் கேட்ட பிறகு அவளை நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லை.

கூட்டுறவில் முதலில் இதழ் ஆய்கிற வேலைக்குத்தான் வந்தாள். மூலையில் உட்கார்ந்திருப்பாள். இருமல் கேட்டால்தான் அவள் இருப்பதே தெரியும். அந்தச் சமயத்தில் மலைப்பெண்களின் உரிமைக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பு பட்டணத்திலிருந்து வந்தது. உங்கள் கதையை உலகத்துக்குச் சொல்லுவோம், உங்கள் பன்னீருக்கு நல்ல விலை வரும் என்றார்கள். படம் எடுத்தார்கள். எல்லாரிலும் நன்றாக விழுந்தது இத்தோவின் முகம். இத்தோ ஆட்டுக்காரி, வாயாடி, சிரித்தால் வாயெல்லாம் சிரிப்பாக இருக்கும். முக்காடு நழுவி முடி தெரிய அவள் சிரிக்கும் படத்தை, பெரிய நகரத்துச் சந்தைத் திருவிழாவில் ஆள் உயரத்துக்கு மேல் துணியில் அடித்துத் தொங்கவிட்டுவிட்டார்கள். ஆடு விற்கப் போன அவளுடைய கொழுந்தன்கள் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டில் ரகளை. இத்தோ அந்தப் பருவம் முழுக்க வேலைக்கு வரவில்லை. மற்றவர்கள் ஃபோனைக் கண்டாலே முகத்தை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார்கள்.

படம் எடுத்த பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். என்ன செய்வது என்று எல்லாரும் முழித்துக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்து இருமல் கேட்டது.

"முகம் வேண்டாம்," என்றாள் இஜ்ஜா. "கை போதும், குரல் போதும். யாரு பேசுறாளோ அவளே முதல்ல கேக்கட்டும். கேட்டுட்டுத் தலையாட்டினா வெளிய போகட்டும். ஆட்டலைன்னா அழிச்சிடலாம்."

நான் சிரித்தேன். "அடியே, கையைப் பாத்து எவடி பன்னீர் வாங்குவா?"

"கைதானே அக்கா பறிக்குது," என்றாள்.

அன்றைக்கே, குரல் பதிந்து அனுப்புகிற பொறுப்போடு ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். நானும்தான் கேட்டேன். எனக்குக் கொடுங்கள், என் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா என்று நேராகவே கேட்டேன். அந்தப் பட்டணத்துப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நீங்க பேசினா எல்லாரும் உங்களைக் கேக்குறாங்க. அவங்க பேசினா சேதியைக் கேக்குறாங்க." இன்றுவரை அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. அது உண்மையாக இருந்தால் எனக்கென்ன?

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் என்கிற கோதுமைக் குருணைச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, தட்டு கழுவுகிற நேரத்தில் இஜ்ஜாவின் குரல் எல்லாருடைய ஃபோனுக்கும் வரும். இந்த வாரம் பூ என்ன விலை. தரகர் குறைத்துச் சொன்னால் என்ன பதில் சொல்லணும். மருத்துவச்சி என்றைக்கு வருகிறாள். தன் பேரில் அடையாள அட்டை இல்லாதவள் எங்கே போய்க் கேட்கணும், போகும்போது யாரைத் துணைக்குக் கூப்பிடணும். நடுவில் ஒருத்தியின் குரல் வரும், தான் எப்படித் தன் பேரில் வங்கிக் கணக்கு தொடங்கினாள் என்று அவளே சொல்வாள். படிக்கத் தெரியாதவர்கள்தானே நாங்கள் பெரும்பாலும். காது போதும். பெண்கள் ஃபோனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து கம்பளி சிக்கெடுத்துக்கொண்டே கேட்பார்கள். அவள் இருமினால், "பாவம், தேன் குடிக்கச் சொல்லு," என்பார்கள். நான் நாள் முழுக்கக் கத்தினாலும் என் தொண்டைக்குத் தேன் கொண்டுவந்து கொடுத்தவள் ஒருத்தியும் இல்லை.

இப்படி என் வயிறு எரிந்துகொண்டிருந்தபோதுதான் ஆற்றங்கரை நிலத்தின் விஷயம் வந்தது.

ஆற்றங்கரையில் எங்கள் வம்சத்துக்குப் பொதுவான நிலம் உண்டு. தண்ணீர் ஏறுகிற நல்ல மண். அதைப் பிரித்துக் கொடுக்கப் போவதாக முடிவாயிற்று. பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் சட்டம் எங்கேயோ இருக்கிறது, நிலம் அண்ணன் தம்பிகள் கையில் இருக்கிறது. பிரித்துக் கொடுக்கிற அரசு அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார்: பிரிக்கிற நாளன்று நேரில் வந்து நிற்கிற பெண்ணுக்குப் பங்கு. இவள் எங்களில் பிறந்தவள்தான் என்று சொல்வதற்குப் பெண்கள் தங்களுக்கென ஒரு தலைவியை முன்னிறுத்த வேண்டும், ஊரும் அவளை ஒப்புக்கொள்ள வேண்டும். வராதவளுக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தலைவி நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைவிடப் பெரிய ஆசை, எனக்கென்று ஒரு துண்டு மண். மோஹாவின் மனைவி கதவைச் சாத்துகிற சத்தத்திலிருந்து அவள் கோபத்தை அளந்து பார்த்துச் சாப்பிட உட்காருகிற வாழ்க்கை எனக்குப் போதும் என்றாகியிருந்தது.

பிரிக்கிற நாளை ஆண்கள் குறித்தார்கள். ரோஜாப் பருவம் முடிந்த முதல் வியாழக்கிழமை, அத்திமரத்தடி. அந்தச் சமயத்தில் பாதிப் பெண்கள் ஆடுகளோடு மேல் மேய்ச்சலுக்குப் போயிருப்பார்கள். அங்கே ஃபோனும் எடுக்காது. வேண்டுமென்றேதான் குறித்தார்கள். மோஹா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பங்கு கேக்கப் போறியாமே?"

"ஏன், நான் எங்கப்பனுக்குப் பொறக்கலையா?"

"பொறந்த, யாரு இல்லேன்னா. ஆனா எவ வருவா உன்கூட? சரி, வந்தாளுகன்னே வச்சுக்கோ. தலைவின்னா புல்லு வைக்கணுமே. உனக்கு யாரு வைப்பா?"

அவன் கேட்டதில் விஷயம் இருந்தது. எங்களில் யாரைத் தலைவராகத் தேர்ந்தாலும் தலைப்பாகையில் ஒரு பிடி பச்சைப் புல்லைச் செருகுவது வழக்கம், அவர் காலத்தில் எல்லாம் பச்சையாக இருக்கட்டும் என்று. அந்தப் புல்லைச் சொந்தக்காரன் வைத்தால் செல்லாது. வேற்று வம்சத்துக் கைதான் வைக்க வேண்டும், அப்போதுதான் பாரபட்சம் இல்லை என்று அர்த்தம். மோஹாவை வாய்க்கால் தலைவனாக்கியபோது ஆற்றுக்கு அக்கரை ஆட்கள் வந்து வைத்தார்கள். ஒரு பெண்ணின் தலையில் எந்த வேற்று ஆண் கை வைப்பான்? எங்கள் பெண்களோ எல்லாரும் ஒரே வம்சம். அக்கரைப் பெண்களை அவர்கள் வீட்டு ஆண்கள் ஆற்றைத் தாண்ட விடமாட்டார்கள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன். எனக்கும் வழி தெரியவில்லை.

வீடு வீடாகப் போனேன். வாசலில் நின்று கத்தினேன். "பாக்கலாம் ஹத்தா, மாவு ஊறுது," என்றாள் ஒருத்தி. "நீ இருக்கியே, நீ பேசினா போதாதா," என்றாள் இன்னொருத்தி. இஜ்ஜாவும் வெள்ளிக்கிழமைதோறும் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் பேச்சும் எடுபடவில்லை. கேட்டவர்கள் தேதியை மறந்தார்கள், மேய்ச்சலில் இருந்தவர்களுக்குப் போகவே இல்லை. நிஜத்தைச் சொன்னால், அவள் சேதியும் தோற்றுப்போனதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். என் மண்ணே கைவிட்டுப் போகப் போகிறது, அப்போதும் சந்தோஷம். பொறாமைக்குக் கணக்குப் போடத் தெரியாது.

ஒருநாள் பூக்காட்டில் என் பக்கத்து வரிசைக்கு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பறித்தாள், இருமினாள்.

"அக்கா, பாஸுவோட தங்கச்சி கல்யாணம் வருது. நிலம் பிரிக்கிற நாளையும் எடத்தையும் ஒரு வரியா கட்டிப் பாடேன். நான் சொன்னா மறந்துடுறாங்க. நீ பாடினா நாக்குல ஒட்டிக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஃபோன் உன்கிட்ட, பேரு உன்கிட்ட, தேன் உனக்கு. தப்பட்டை அடிக்க மட்டும் நானாடி? போடி, போயி இருமு."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். சண்டைக்கு வராதவளைப் போல எரிச்சல் மூட்டுகிறவள் உலகத்தில் உண்டா?

கல்யாணத்தன்று பகலில் மணப்பெண்ணைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் வரிசை கட்டி நின்றோம். மாப்பிள்ளை வீட்டார் வரிசையை நான் பிடித்திருந்தேன். எதிரே பெண் வீட்டார், அண்ணி முறையில் இஜ்ஜா அந்த வரிசையில் நின்றாள், கையில் ஃபோனோடு. ஒருத்தி அவளுக்குச் சூடாகத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான், எனக்குள்ளே எதுவோ கழன்றது. தப்பட்டையை உயர்த்தினேன்.

"மண்ணு இல்லா மக ஒருத்தி மலைதாண்டி வந்தாளாம்,
கண்ணு வச்ச பெட்டிக்குள்ள காலமெல்லாம் பேசுறாளாம்;
ரோசா ஓய்ஞ்ச வியாழக்கிழமை அத்திமரத் தடியிலே
பேசச் சொல்லு பாப்போம், அவளுக்குப் பிடிமண்ணு ஏதுன்னு."

முற்றமே சிரித்தது. குலவை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. என் வரிசைப் பெண்கள் அதைத் திரும்பத் திரும்பப் பிடித்தார்கள், ஒவ்வொரு முறையும் இன்னும் சத்தமாக. எல்லாரும் இஜ்ஜாவைப் பார்த்தார்கள். பதில் பாட வேண்டியது அவள். அன்றைக்கு முடியாவிட்டால் பிறகு பாடலாம், ஆனால் ஊர் கூடின இடத்தில்தான் பாட வேண்டும். அதுவரை தோற்றவள் என்றுதான் பேர். அவள் வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. முகம் சிவந்துபோய்க் குனிந்துகொண்டாள். அன்று நான் சாப்பிட்ட ஆட்டிறைச்சியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் காலையில் மோஹா வீட்டுக்கு வந்தாள். அழ வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஃபோனை எடுத்து முன்னால் வைத்து அழுத்தினாள். என் குரல். தப்பட்டை, சிரிப்பு, குலவை எல்லாம் இருந்தது.

"நல்லா வந்திருக்கு அக்கா. அனுப்பட்டுமா?"

"உன்னைக் கேலி பண்ணினதை நீயே அனுப்புவியா?"

"பேசினவ தலையாட்டினா போகும். அதானே ஏற்பாடு."

என் குரல் பள்ளத்தாக்கு முழுக்கப் போகப் போகிறது. எத்தனை நாள் ஆசை. "தாராளமா அனுப்பு," என்றேன். "மேய்ச்சல்ல இருக்கறவளுகளுக்கும் போகட்டும்."

"கடைசியில நான் ஒரு வார்த்தை சேத்திருக்கேன், அதையும் கேட்டுடு." மறுபடி அழுத்தினாள். என் பாட்டு முடிந்ததும் அந்தத் துருப்பிடித்த குரல்: "பதில் இருக்கு. அதே வியாழக்கிழமை, அதே மரத்தடியில சொல்றேன்."

"நீ பாடப் போறியா?" என்று சிரித்தபடி தலையாட்டினேன்.

கூட்டத்துக்கு வா என்றால் வராத சனம், சண்டை என்றால் விடுமா? ஒரு வாரத்தில் என் வரி ஊரெல்லாம் ஓடியது. பூக்காட்டில் பாடினார்கள், மாவாட்டும்போது பாடினார்கள். மாவு வாங்க மேய்ச்சலிலிருந்து இறங்கி வந்தவர்கள் கேட்டுக்கொண்டுபோய் மேலே பாடினார்கள். மேலே ஃபோன் எடுக்காவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. ஆண்களும் முணுமுணுத்தார்கள். மோஹா கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே "ரோசா ஓய்ஞ்ச வியாழக்கிழமை" என்று இழுத்துப் பாடினான். "பொம்பளைங்க சண்டை போட்டா பொழுது போகுது," என்றான். அவன் எதைப் பாடுகிறான் என்று அவனுக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான் உறைக்கவில்லை. என் பாட்டு ஜெயித்துவிட்டது என்ற மிதப்பில் இருந்தேன்.

மிதப்பு போய்ப் பயம் வந்தது. என்ன பதில் சொல்வாள்? புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் என்று சொல்வாளா? அண்ணன் சோறு தின்கிறவள் என்பாளா? எது சொன்னாலும் திருப்பி அடிக்க வரிகள் தயார் செய்து வைத்தேன். பறிக்கும்போது வாய்க்குள் பாடிப் பாடி உதடு காய்ந்தது.

அந்த வியாழக்கிழமை வந்தது. அத்திமரத்தடியில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஆண்கள் வெள்ளைத் தலைப்பாகையோடு நிழலை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தனியாக ஒரு கல்மேல் நின்றிருந்தேன். ஆரம்பிக்கலாம் என்று மோஹா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேட்டிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. முதலில் ஆடுகள் வந்தன. பின்னால் இத்தோ, அவளுக்குப் பின்னால் மேய்ச்சலுக்குப் போன பெண்கள் அத்தனை பேரும். கீழ்த்தெருவிலிருந்து இன்னொரு கூட்டம், கைக்குழந்தைகளோடு, கையில் தப்பட்டையோடு. ஆடு ஒன்று மேசைக்குக் கீழே போய் அதிகாரியின் பையை முகர்ந்தது.

"ஆரம்பிச்சுட்டாளா?" என்று இத்தோ மூச்சிரைக்கக் கேட்டாள். "ராத்திரி தூங்காம இறங்கி வந்திருக்கேன். முடிஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"இவங்கல்லாம் யாரு?" என்றார் அதிகாரி.

"சண்டை பாக்க வந்தோம்," என்றாள் இத்தோ. "இந்த மண்ணுல பொறந்தவங்கதான் எல்லாரும். சந்தேகம்னா எங்கண்ணனும் அங்க பின்னால உக்காந்திருக்கான், கேளுங்க."

மோஹாவின் முகம் மாறியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எனக்கும் அப்போதுதான். பெண்கள் வந்துவிட்டார்கள். என் பாட்டைக் கேட்டு வந்துவிட்டார்கள். நெஞ்சு நிறைந்தது, அடுத்த நிமிடமே பகீரென்றது. இவர்கள் வந்தது என் பாட்டுக்கு இல்லை, அவள் பதிலுக்கு.

இஜ்ஜா வாய்க்கால் ஓரத்திலிருந்து வந்தாள். ஃபோன் இல்லை, கையில் வேறு ஏதோ. என் எதிரே வந்து நின்றாள். தயார் செய்த வரியெல்லாம் என் தொண்டையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவள் பாடவில்லை. பாட்டு மெட்டில் பேசினாள், அதுவும் இருமலோடு. ஆனால் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை.

"மண்ணு இல்லாக் கையாலே புல்லு வச்சுப் போறேன்டி,
மண்ணு உள்ள மகளே ஹத்தா, மரம்போல நில்லுடி."

கையை நீட்டி என் முக்காட்டில் ஒரு பிடி பச்சைப் புல்லைச் செருகினாள். வாய்க்கால் தண்ணீர் என் காதோரம் வழிந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு இத்தோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். குலவை கிளம்பியது. மோஹா எழுந்தான்.

"இது செல்லாது. பொம்பளை புல்லு வைக்கறதா?"

"பொம்பளைத் தலையில ஆம்பளையா வைப்பான்?" என்றாள் இத்தோ. "வேத்து வம்சத்துக் கை வைக்கணும், அவ்வளவுதானே வழக்கம்?"

"அவ பாஸு பொண்டாட்டி. நம்ம ஊரு ஆளு."

"நம்ம ஊரு ஆளா? இந்த ஒரு மாசமா நீயே பாடினியே மோஹா அண்ணே, மண்ணு இல்லா மகன்னு. மாவு வாங்க இறங்கி வந்தப்போ, நீ கழுதைக்குத் தண்ணி காட்டும்போது நான் கேட்டேனே."

ஆண்களே சிரித்துவிட்டார்கள். கல்யாணத்தில் ஊர் முன்னால் நான் பாடினேன், ஊரே பாடியது, அவள் வெளியாள் என்று. இனி அதை யார் மறுப்பது? தலைப்பாகைப் பெரியவர் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு, "வச்ச கை சரியான கைதான்," என்றார். ஊருக்குச் சம்மதமென்றால் எனக்கும் சம்மதம் என்றார் அதிகாரி. பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் மூச்சின் சூடு பின்கழுத்தில் பட்டது. ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி, யார் மகள் என்று சொன்னேன். என் பேரை நானே சொல்ல வேண்டியிருந்தது. அப்போது மட்டும் குரல் நடுங்கியது.

எல்லாருக்கும் எழுதி முடித்தபோது இஜ்ஜா ஓரமாக ஆடுகளை மேசைப் பக்கம் போகாமல் விரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே எழுத ஒன்றும் இல்லை.

நிலம் கிடைத்தது. ஆற்றை ஒட்டி, மோஹாவின் பங்குக்குப் பக்கத்திலேயே. வேலியாக ரோஜா வைத்திருக்கிறேன், முள்ளுள்ள வகை, அவன் கழுதை வராமலிருக்க. ஓரத்தில் ஒரு மண்வீடு கட்டிக்கொண்டேன். என் வீட்டுக் கதவை நானே சாத்துகிறேன். பெண்களின் தலைவி என்று கூட்டத்துக்குப் போனால் எழுந்து இடம் விடுகிறார்கள். ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்தது. ஆகவே பொறாமை போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்.

எங்கே போகும்? நான் எத்தனை வருடமாக எத்தனை வரி கட்டினேன். இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பெண்கள் கேட்பது அவளுடைய அந்த இரண்டு வரியைத்தான். மலைக்கு அந்தப் பக்கம் அவள் ஆட்கள் இருக்கும் இடத்தில்கூடப் பாடுகிறார்களாம், நிலம் கேட்கப் போகும்போது ஒருவர் தலையில் ஒருவர் புல் வைத்துக்கொள்கிறார்களாம். என் நான்கு வரியை யாரும் கேட்பதில்லை. வாழ்நாளில் அவள் கட்டியது இரண்டே வரி, அதுவும் இருமிக்கொண்டு. பாட்டு ஒன்றுதான் எனக்கென்று இருந்தது, அதிலும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவளுக்குத்தான் பாட வராதே. அதனால் அதைப் பாட என்னைக் கூப்பிடுகிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை என் நிலத்தில் உட்கார்ந்து அதைப் பாடினேன், இஜ்ஜா ஃபோனை நீட்டிப் பிடித்திருந்தாள். முடிந்ததும் திருப்பிப் போட்டுக் காட்டினாள். என் குரலில் அவள் வரி, பின்னால் ஆற்றுச் சத்தம். நானே பாடியதுதான் என்றாலும் கேட்கும்போது மயிர் சிலிர்த்தது.

"அனுப்பட்டுமா அக்கா?" என்றாள்.

நான் தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தேன். அவள் காத்திருந்தாள். எத்தனை நேரமானாலும் காத்திருப்பாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. கடைசியில் தலையாட்டினேன். அவள் கிளம்பும்போது வீட்டுக்குள்ளிருந்து தேன் ஜாடியை எடுத்துவந்து அவள் கையில் திணித்து, "இருமல் சகிக்கலைடி," என்றேன்.